ஓரத்தில் மைக்குடன் ஒருவர்

வாயை மூடிக்கொண்டு மின்தூக்கியில் போகத் தெரியாத மனிதர் இந்தச் சிங்கப்பூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் புளோக்கில்தான் இருந்தார். பெயர் வர்ணனை. அடையாள அட்டையில் வேறு ஏதாவது பெயர் இருந்திருக்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொன்னார்.

ஃபேரர் பார்க்கில் எங்களுடையது அரசு கட்டிய பழைய வீவக அடுக்குமாடி புளோக். காலையில் மின்தூக்கிக் கதவு திறந்தால் உள்ளே வர்ணனை நிற்பார். கையில் சுருட்டிய செய்தித்தாள் இருக்கும். அதை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"கதவு திறக்கிறது. நுழைகிறார் ஆறாம் மாடி அம்மா. கையில் தேக்கா சந்தைப் பை. பைக்கு வெளியே ஒரு வால் எட்டிப் பார்க்கிறது. வாலைப் பார்த்தால் தெங்கிரி மீன் போலத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மீனா? ஆம் நேயர்களே, மருமகன் வந்திருக்கிறார்."

ஆறாம் மாடி அம்மா நாலாம் மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போய்விடுவார். வர்ணனை அதையும் விடமாட்டார். எதிர்பாராத திருப்பம் என்பார்.

தஞ்சோங் பகாரில் துறைமுக அலுவலகம் ஒன்றில் ஓய்வுபெறும்வரை குமாஸ்தாவாக இருந்தவர் அவர். ஆனால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் 'நேர்முக வர்ணனையாளர்' என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் வார இறுதிகளில் இங்கே திடலில் நடந்த தமிழ்க் குழுக்களின் காற்பந்து ஆட்டங்களுக்கு அவர் குரல்தான். பந்தைவிட இவர் வாய் முந்தும் என்பார்கள். பந்து வலைக்குள் போவதற்கு முன்பே கோல் என்று கத்திவிடுவாராம். முடிந்ததை இனி எங்கே தடுப்பது என்று கோல் காவலரும் ஒதுங்கி நின்றுவிடுவாராம். இந்தக் கதையை எனக்குச் சொன்னவரும் வர்ணனைதான். அதனால் பாதியை நம்பலாம்.

கீழே கோப்பிக்கடையில் நடந்ததை நானே பார்த்தேன். தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த தம்பியிடம் போய் நின்றுகொண்டு, "தேநீர் உயர்கிறது, இன்னும் உயர்கிறது, தலைக்கு மேலே போய்விட்டது" என்று ஆரம்பித்தார். நல்ல பையன்தான். யாராவது புகழ்ந்தால் கை தானாக உயரும் வயது. கடைசியில் தேநீர் முழுக்க ஒரு சீனத் தாத்தாவின் செய்தித்தாள் மேல் இறங்கியது. அதன்பிறகு வர்ணனையின் தலையைப் பார்த்தாலே கடைக்காரர் பாலில்லாத கோப்பி ஓ போட்டு நீட்டிவிடுவார். அதில் ஆற்றுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மைக்கைப் பிடித்தாரே, அதுதான் உச்சம். "மணமகனின் கை லேசாக நடுங்குகிறது. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது முடிச்சு, இல்லை, நழுவிவிட்டது" என்று அவர் சொன்னதும் மண்டபமே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டி, மிச்ச முடிச்சுகளை அவருடைய அக்காவே போட்டு முடித்தார். அந்தக் குடும்பத்தில் இன்றும் அந்த மாப்பிள்ளைக்கு 'முதல் முடிச்சு' என்றுதான் பெயராம்.

இத்தனைக்கும் பிறகும் எங்கள் தமிழ்ச் சங்கம், விழாக்களில் அறிவிப்பு செய்துவந்த அவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கவில்லை. பிடுங்கிய நாள் வேறு. அது சங்கத்தின் ஆண்டு விழா. தலைவர் உரையாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தலைவர் பேச ஆரம்பித்தால் விழா நிகழ்ச்சிநிரலில் மற்றதெல்லாம் அலங்காரம்தான். மேடை ஓரத்தில் இன்னொரு மைக்கோடு நின்ற வர்ணனை, ரகசியக் குரல் என்று தான் நினைத்துக்கொண்ட குரலில் சொன்னார்: "சிறப்பு விருந்தினர் கண்களை மூடித் தலைவரின் உரையை ரசிக்கிறார். தலை மெல்லச் சாய்கிறது. இதோ, பக்கத்திலிருப்பவரின் தோளைத் தொட்டேவிட்டது."

தோளைத் தொட்ட தலை திடுக்கிட்டு நிமிர்ந்தது. மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அன்றோடு வர்ணனைக்கு மைக் கிடையாது.

பிறகும் அவர் எல்லா ஆண்டு விழாவுக்கும் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசையும். அந்த மைக் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு விழாவுக்கு முன்னாலும் தலைவரிடம் போய்க் கேட்பார். பார்க்கலாம் லா என்பார் தலைவர். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வர்ணனைக்கும் தெரியும். இருந்தும் கேட்பார்.

இந்த நிலையில்தான் சங்கத்தின் இணையத்தளத்துக்குச் சோதனை வந்தது.

நான் அப்போது சங்கத்தில் துணைச் செயலாளர். பிழைப்பு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில். ஒருமுறை கூட்டத்தில் படம் காட்டும் கருவி வேலை செய்யாதபோது அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். வேலை செய்தது. அந்த நிமிடம் முதல் சங்கத்தின் கணினித் துறை முழுவதும் நான்தான்.

எங்களுக்குப் பண ஆதரவு தரும் அமைப்பிடமிருந்து தகவல் வந்தது. ஆதரவு தொடர வேண்டுமானால், பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் உட்பட எல்லாரும் பயன்படுத்தும்படி சங்கத்தின் இணையத்தளத்தை மாற்ற வேண்டும், ஆண்டு விழாவுக்குள் முடிக்க வேண்டும். கடைவீட்டின் மாடியில் சங்கம் நடந்த அறையின் வாடகையே அந்த ஆதரவில்தான் நின்றது. தளம் தேறாவிட்டால் அறை போகும். அறை போனால் சங்கம் கோப்பிக்கடை மேசைக்கு இறங்கிவிடும்.

அந்தத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவரே பக்கத்தில் நின்று ஆள் வைத்துச் செய்தது. திறந்ததும் நாதஸ்வரம் முழங்கும், நிறுத்த வழி கிடையாது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். உச்சியில் 'வருக வருக' என்ற எழுத்து ஓடும். யாரும் வருவதற்குள் அது ஓடிவிடும். நடுவில் பொன்னிறப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. சங்கத்தின் வரலாறு அங்கேதான் இருந்தது. அதைப் படித்தவர்கள் யாரும் இல்லை, ஏனென்றால் அது தெரியாது.

"மஞ்சள்மேல மஞ்சள் தெரியலை சார்" என்றேன்.

"மங்களகரமா இருக்குல்ல?" என்றார் தலைவர்.

எழுத்து மங்களமாக இருந்தால் போதாது, கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று அமைப்பு எழுதியிருப்பதைக் காட்டினேன். பார்வையில்லாதவர்களுக்குக் கைப்பேசியே திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், நாதஸ்வரம் அந்தக் குரலை அமுக்கிவிடும் என்றேன். மேளம் இல்லாமல் நல்ல காரியம் தொடங்குவதா என்று தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடைசியில் நாதஸ்வரம் ஒரு பொத்தானுக்குள் அடங்கியது. இன்றுவரை அந்தப் பொத்தானை அழுத்துபவர் தலைவர் ஒருவர்தான்.

எழுத்து கறுப்பானது. குத்துவிளக்கு மினுக்காமல் நிதானமாக எரிந்தது. மிஞ்சியது படங்கள். சங்கம் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் தளத்தில் இருந்தன. படத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் உள்ளே எழுத வேண்டும். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. பார்வையில்லாதவர்களுக்குக் கைப்பேசி அதைப் படிக்கும்.

இது ஒரு வேலையா என்றார் தலைவர். எல்லாப் படத்துக்கும் ஒரே வரிதான் என்று உட்கார்ந்து அவரே ஒட்டித் தள்ளிவிட்டார். 'பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கும் காட்சி.' எங்கள் படங்களில் முக்கால்வாசி அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சம் கால்வாசி இருந்ததே. இரத்ததான முகாம், பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கும் காட்சி. பிள்ளைகளின் சாக்குப் போட்டி, பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கும் காட்சி. புதுப்பித்த கழிப்பறையின் படம் ஒன்றும் இருந்தது. அதற்கும் பொன்னாடை கிடைத்தது.

அமைப்பு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. படத்தைப் பார்த்து, உள்ளதைச் சொல்லக்கூடிய ஒருவரை வைத்துச் செய்யுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்கு ஒரே ஒரு முகம்தான் தோன்றியது. மெதுவாகச் சொன்னேன்.

தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவர் என்ன சொன்னாலும் வெளியே தெரியாதுல்ல?"

"பார்க்கிறவங்களுக்குத் தெரியாது சார்."

"மைக் கிடையாதே?"

"கிடையாது சார்."

"அப்போ கொடு" என்றார். ஒரு மனிதரின் வாயை அடைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வர்ணனை அடுத்த நாளே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். அவர் சொல்ல நான் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. உட்கார்ந்து சொல்லுங்க அங்கிள் என்றால் கேட்கவில்லை. நின்றுகொண்டுதான் வரும் என்றார். கையில் ஏதாவது இருந்தால்தான் வரும் என்றார். மேசை மேலிருந்த ஸ்டேப்லரை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

ஒரு படத்துக்கு ஓரிரு வரி போதும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். முதல் படத்துக்கே எனக்கு விரல் வலித்தது. விருந்தினரின் சட்டைப் பொத்தானில் ஆரம்பித்து, அந்தச் சட்டையைத் தைத்த கடை வரைக்கும் போய்விட்டார். சுருக்குங்கள் என்றால் முகம் சுருங்கியது. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சொல்வாராம். அதிலிருந்து வேலை ஓடியது. ஒவ்வொரு படத்துக்கும் மூச்சு வாங்கியது, அது வேறு விஷயம். வாரக்கணக்கில் சனிக்கிழமைதோறும் இது நடந்தது. அதுவரை நான் அவ்வளவு சிரித்ததில்லை. நடுநடுவே அவர் ஒரு பழைய படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றுவிடுவார்.

படங்கள் முடிந்தன. கடைசியாக ஒரு நிபந்தனை மிச்சமிருந்தது. பார்வையில்லாத ஒருவர் தளத்தை நேரில் பயன்படுத்திப் பார்த்து, முடிகிறது என்று சொல்ல வேண்டும். சங்கத்தின் பழைய உறுப்பினர் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டோம். ஓய்வுபெற்ற தாதி. ஒருகாலத்தில் எங்கள் விழாக்களில் முன்வரிசையில் பச்சைப் புடவையோடு உட்கார்ந்து முதல் கைதட்டு தட்டுபவர். கண்ணழுத்த நோயில் பார்வை போனபிறகு வருவதில்லை. மனவருத்தத்தில் ஒதுங்கிவிட்டார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்களும் விட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேராக, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார்.

அறையில் நாங்கள் நாலு பேர். அக்கா, தலைவர், நான், சுவரோரமாக வர்ணனை. அக்கா கைப்பேசியில் தளத்தைத் திறந்தார். அந்தக் கைப்பேசிப் பெண்ணுக்கு உணர்ச்சி என்பதே கிடையாது. வருமானவரி அறிவிப்பு வாசிப்பது போல வாசித்தாள்.

"படம். தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். இது ஐந்தாவது பொன்னாடை. விருந்தினரின் மூக்கு மட்டும் தெரிகிறது."

அக்காவின் விரல் நின்றது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் திரையிலிருந்த குத்துவிளக்கைப் பார்த்தேன்.

"படம். இரத்ததான முகாம். ரத்தம் கொடுப்பவர் சிரிக்கிறார். பக்கத்தில் நிற்கும் தலைவர் ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறார்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "படம். பொங்கல் விழா. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பானையை யாரும் பார்க்கவில்லை. பால் அடுப்பில் வழிகிறது." அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் எழுந்தேவிட்டார். எல்லாவற்றையும் இன்றைக்கே அழித்தாக வேண்டும், பழையபடி பொன்னாடையே போதும் என்றார். சுவரோரத்தில் வர்ணனையின் முகம் செத்துவிட்டது. கொடுத்த மைக்கை இரண்டாம் முறை பிடுங்கினால் ஒரு மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

அதற்குள் அக்காவின் விரல் அடுத்த படத்துக்குப் போயிருந்தது.

"படம். ஆண்டு விழா. முன்வரிசை. இடமிருந்து இரண்டாவது நாற்காலி காலி. அது ஸ்டெல்லா அக்காவின் நாற்காலி. இன்றும் வரவில்லை. கைதட்டு தாமதமாகத் தொடங்குகிறது."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா அந்த இடத்தை இன்னொரு முறை கேட்டார். பிறகு யார் பக்கமும் திரும்பாமல் சொன்னார்:

"நான் வரலைன்னு எழுதியிருக்கு. என்னை யாரும் கூப்பிடவே இல்லையே."

தலைவர் பதறிவிட்டார். கூப்பிடாமல் இருப்போமா, ஒவ்வொரு வருஷமும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு நானே என் கையால் அனுப்புகிறேன் என்று தன் கைப்பேசியைத் திறந்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உறைத்தது. நான் வாங்கிப் பார்த்தேன். அழைப்பிதழ் இருந்தது. பொன்னிறப் பின்னணியில், மஞ்சள் எழுத்தில், ஒரு படமாக. அதற்கு மேலும் கீழும் ரோஜாப்பூக்கள். தலைவர் தினமும் காலையில் எல்லாருக்கும் தவறாமல் அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' படங்கள்.

அக்காவின் கைப்பேசியில் எல்லாம் ஒன்றுதான். தினம் ஒரு 'படம்' என்று வாசிக்கும். ரோஜாவும் படம், அழைப்பிதழும் படம்.

"பூ படம்னு நெனச்சு விட்டுட்டேன் சார்" என்றார் அக்கா. "கண்ணு போச்சு, இனி இவ எதுக்குன்னு நெனச்சுட்டீங்க போலன்னு இருந்தேன்."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தலைவர் பேச்சில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வர்ணனையும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது அந்த அறைக்கே புதிது.

முதலில் அக்காதான் பேசினார். கண் போன பிறகு எல்லாரும் தன்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறார்களாம். பால் வழிந்ததை யாரும் சொன்னதில்லையாம். இதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்றார். "இதை எழுதினவர் பக்கத்துல உக்காந்தா நான் விழாவுக்கு வரேன். இல்லைன்னா வேணாம்."

தலைவர் வர்ணனை பக்கம் திரும்பாமலேயே என்னிடம் சொன்னார்: "அவருக்கு மைக் கொடு. ஸ்பீக்கர் மட்டும் வேணாம் லா."

தேக்கா பகுதியைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளிடம் ஒரு கருவி உண்டு. வழிகாட்டி சின்ன மைக்கில் முணுமுணுப்பார், கூட்டத்தில் இருப்பவர்களுக்குக் காதுக்கருவியில் கேட்கும். தெரிந்த வழிகாட்டி ஒருவரிடம் அதை இரவல் வாங்கினேன். தளம் தேறியது. அறையும் தப்பியது. அந்த வருஷம் அழைப்பிதழ் எழுத்தாகவே போனது, ரோஜா இல்லாமல்.

ஆண்டு விழாவில் ஸ்டெல்லா அக்கா பச்சைப் புடவையோடு இடமிருந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வர்ணனை. மைக்கைக் கையில் வாங்கினார். சட்டை நுனியால் அதை ஒருமுறை துடைத்தார், அவ்வளவுதான். அப்புறம் திரை விலகியது, அவரும் திறந்துகொண்டார்.

காதுக்கருவிகள் ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. அக்கா தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, பின்வரிசைக்காரர் எனக்கு ஒன்று என்றார். அவர் சிரித்ததும் அவருக்குப் பின்னால் இருந்தவர். தலைவர் பேச எழுந்தபோது பெட்டி காலி. உரையில் சிரிப்பே வராத இடங்களில் எல்லாம் மண்டபம் சிரித்தது. தலைவருக்கு ஒரே உற்சாகம். இவ்வளவு நல்ல சபை தனக்கு அமைந்ததே இல்லை என்று மேடையிலேயே சொன்னார். நாங்கள் யாரும் அவரிடம் எதையும் விளக்கவில்லை. பேச்சு முடிந்ததும் முதல் கைதட்டு முன்வரிசையிலிருந்து வந்தது, தாமதமில்லாமல்.

போன வருஷம் வர்ணனை ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். விமான நிலையத்தில் தன் புறப்பாட்டுக்குத் தானே வர்ணனை கொடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமும் வாய் அசைந்துகொண்டேதான் போனார். எங்கள் மின்தூக்கியில் இப்போது எந்தத் தொல்லையும் இல்லை. ஆறாம் மாடி அம்மா நேராக ஆறாம் மாடிக்கே போகிறார். ஒருநாள் என்னிடம், "ஒரே வெறுமையா இருக்குல்ல?" என்று கேட்டார். பையில் தெங்கிரி இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

சென்ற மாதம் ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். தளத்தில் ஒரு குறை இருக்கிறது என்றார். ஒரு பழைய விழாப் படத்தில் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் சொல்லிவிட்டு, கடைசியில் 'ஓரத்தில் மைக்குடன் ஒருவர்' என்று மட்டும் வருகிறதாம். அந்த ஒருவர் யார் என்றார்.

திறந்து பார்த்தேன். ஊரில் உள்ள எல்லாரையும் அக்குவேறு ஆணிவேறாகச் சொன்ன மனிதர், தன் முறை வந்தபோது அவ்வளவுதான் சொல்லியிருந்தார். தட்டச்சு செய்தவள் நான். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

அக்காவிடம் யார் என்று சொன்னேன். அப்படியானால் திருத்து என்றார். உட்கார்ந்து திருத்தினேன். எனக்கு அவரளவு வராது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்:

"ஓரத்தில் மைக்குடன், வாயைத் திறந்தபடி, எங்கள் வர்ணனை. அவர் என்ன சொல்கிறார் என்று இந்தப் படத்தில் கேட்கவில்லை. அது ஒரு பெரிய குறை."